பார்த்துப் பாடுவது தவறா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கே.பி.சுந்தராம்பாள் என்றால் அவளுக்கு உயிர். அவர் பாடல்களை அச்சு அசலாகப் பாடுவாள். அண்மையில் ஒரு போட்டியில் நடுவர், "நன்றாகத்தான் பாடுகிறாய், உன் குரல் எங்கே?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பாடவே மறுக்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: டி.எம்.சௌந்தரராஜன் கதையைச் சொல்லுங்கள், அம்மா. தியாகராஜ பாகவதரைப் பாடிப் பாடித்தான் அவர் பாடகரானார். 1950-இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடிய பாட்டே பாகவதர் பாட்டின் சாயலில் அமைந்ததுதான். நான்கே ஆண்டுகளில், 1954-இல், 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். இருவரும் பேசும் குரல் வேறு வேறு. பாட்டு அவரவர் வாயிலிருந்தே வருவதுபோல் இருக்க வேண்டும். அந்தத் தேவை வந்தபோதுதான் நாம் அறிந்த டி.எம்.எஸ். முழுதாக வெளிப்பட்டார். அதற்காகப் பாகவதரிடம் கற்றதை அவர் உதறிவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் 'உன் குரல் எங்கே' என்று கேட்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அது வரவேண்டிய காலத்தில் வரும்.

ஆனால் எதைப் பின்பற்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பண்ருட்டிப் பக்கம் கூத்துகளுக்கு ஆர்மோனியம் வாசித்த நாட்களில் ஒரு பையனைப் பார்த்தேன். வேடக்காரர் வரும்போது திரை பிடிப்பது அவன் வேலை. வாத்தியார் துரியோதனனாக வந்து திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது, துணியைப் பிடித்தபடியே அவன் உதடுகள் அசையும். கிரீடத்தைச் சரிசெய்யும் அவருடைய கை எப்போது உயரும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். பிறகு அவனே வேடம் கட்டியபோது, விருத்தத்தின் நடுவே, சொல் முடியாத இடத்தில் நிறுத்தினான். வாத்தியாருக்கு வயதாகிவிட்டதால் அங்கே மூச்சு வாங்கும். பையன் அதையும் சேர்த்துப் பாடம் செய்திருந்தான்! அந்த ஒரு நிறுத்தத்தை எடுத்துவிட்டோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார் வாத்தியார்.

சுந்தராம்பாளின் அந்த உச்சக் குரலுக்கும் காரணம் உண்டு. அவர் வளர்ந்தது ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். எதிரே நின்று பாடியவரோ எஸ்.ஜி.கிட்டப்பா, அவர் எட்டும் உயரத்துக்கு ஈடுகொடுத்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு முன்னால் மைக் இருக்கிறது. தொண்டை நோகிறது என்றால் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கட்டும். சுந்தராம்பாளின் சொற்சுத்தத்தை மட்டும் விடவே வேண்டாம். அவர் பாடினால் ழகரம், ளகரம், லகரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும்; சொல்லின் கடைசி மெய்யெழுத்தையும் விழுங்கமாட்டார். தினமும் ஒரு பாட்டை இசையில்லாமல், வசனமாக, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பாடட்டும்.

கேள்வி: நடிகர்களும் இப்படித்தானா? ஒருவரைப் பார்த்துத்தான் இன்னொருவர் உருவாகிறாரா?
– வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: சிவாஜி கணேசனுக்கு நடிப்பாசை பிறந்ததே சிறுவயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்தில்தான். அந்தக் கட்டபொம்மனாகவே 1959-இல் திரையில் நின்றார். மறு ஆண்டு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். அன்று கூத்தாடிய கலைஞர்களின் பெயர் நமக்கு எட்டவில்லையே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

உங்கள் ஊரோடு சேர்ந்த வரிசை ஒன்றும் இருக்கிறது. புதுச்சேரியில் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை என்ற சிறுவர் நாடகக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்தவர் டி.கே.சண்முகம். பிற்காலத்தில் ஔவையார் வேடத்தில் அவர் பெற்ற புகழ், 'ஔவை' என்று பெயருக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டது. அவருடைய நாடகக் குழுவில் சிறுவனாகப் பயின்றவர் கமல்ஹாசன். 1996-இல் கிழவி வேடம் கட்டி நடித்த படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தார். குருவின் பெயரைச் சுவரொட்டி தோறும் எழுதிவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி புதுச்சேரியில் இருக்கிறதாமே, எங்கே?
– கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: கருவடிக்குப்பத்தில். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில்தான் அவர் மறைந்தார். அந்த நாளில் போனால் நாடகக் கலைஞர்கள் பலரை அங்கே பார்க்கலாம். வயதில் மூத்த ஒருவரை அணுகி, யாரிடம் பாடம் கேட்டீர்கள் ஐயா என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே போங்கள். பதில் நீளமாக வரும்.