தம்பிக்குக் கல்லீரல் தருவதற்கு முன்

அக்கா, ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் கிருமித் தொற்றால் தம்பியின் கல்லீரல் சுருங்கிவிட்டது, சென்னைக்குக் கூட்டிப்போய் நானே கல்லீரல் தரலாமா என்று யாங்கூனிலிருந்து கேட்டிருந்தீர்கள். டிக்கெட் போடுமுன் நீங்களும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்துவிடுங்கள். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றியிருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும். இருந்தால் பொதுவாகத் தானம் தர விடமாட்டார்கள். தம்பி அந்தக் கிருமியை அடக்க டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் தானாக நிறுத்தவே கூடாது. புதுக் கல்லீரலையும் கிருமி பிடிக்கும் என்பதால் அறுவைக்குப் பிறகும் மருந்து தொடரும்.

அப்புறம் காகிதங்கள். இதில்தான் நம் பர்மாத் தமிழர்கள் நிறையத் திண்டாடுகிறார்கள். இந்தியாவின் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி வெளிநாட்டவர் தங்கள் உறவைக் காட்ட அவர்கள் நாட்டுத் தூதரகச் சான்று வேண்டும், தானத்துக்கு ஒப்புதல் தரும் அனுமதிக் குழுவும் விசாரிக்கும். நமக்கோ வீட்டில் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். பெற்றோர் பெயர் இருவர் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.