மறுமொழி: லாரன்ஸின் மரணத்தைக் கேட்டு ஹாமில்டன் ஏன் அழவில்லை?

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போர்க்காலத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பற்றிய ‘ஹாமில்டன்’ இசை நாடகத்தில், நண்பர் லாரன்ஸ் இறந்த செய்தி கேட்டும் ஹாமில்டன் அழாதது உங்களை மிகவும் வருத்தியதாக எழுதியிருந்தீர்கள். தமக்கு வந்த கடிதம் லாரன்ஸ் எழுதியது என்றெண்ணிப் பிறகு படிப்பதாகச் சொல்லும் அவரிடம், அது லாரன்ஸின் தந்தையிடமிருந்து வந்தது என்று மனைவி எலைசா கூறும் அந்த ஒரு நொடியிலேயே அவர் இடிந்துபோகிறார் என்பேன். வேலை நிறைய இருக்கிறது என்று அவர் சொல்வது, துக்கத்தை எதிர்கொள்ள இயலாதவரின் பேச்சு. பிரிட்டிஷாருக்கு எதிரான யார்க்டவுன் வெற்றிக்குப் பின், விடுதலைப் போர் ஏறக்குறைய ஓய்ந்துவிட்ட நிலையில், 1782 ஆகஸ்ட் 27 அன்று தென் கரோலினாவின் கொம்பாஹி ஆற்றருகே நடந்த சிறு மோதலில், 27 வயதே ஆன லாரன்ஸ் வீணே மாண்டார். உண்மையான ஹாமில்டன் அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கப் படைத் தளபதி கிரீனுக்கு எழுதிய கடிதத்தில் தம் துயரத்தை மறைக்கவில்லை. லாரன்ஸாக நடிப்பவரே இரண்டாம் பாதியில் ஹாமில்டனின் மகன் பிலிப்பாகவும் வந்து மடிகிறார். அடக்கிய அழுகை அங்கே உங்களுக்குப் பீறிட்டு வரக்கூடும்.