கராஜ் கேள்வி பதில்: மஸ்டாங்கா, கமாரோவா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் பாவித்த மஸ்டாங் ஜிடி அல்லது கமாரோ எஸ்எஸ், இரண்டில் ஒன்றை வாங்கப் போகிறாராம். தினமும் வேலைக்குப் போகவும் வேண்டும், மாதத்தில் ஒருநாள் மொஸ்போர்ட் பந்தயத் தடத்தில் ஓட்டவும் வேண்டுமாம். டுபாயில் அமெரிக்கக் கார்களோடு நின்றவர் நீங்கள். எது நல்லது?
- ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: பதினொரு வருசம் நின்றேன் ஐயா, இன்னும் கையில் எண்ணெய் மணம் போகவில்லை. 2016க்குப் பிந்திய கார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தடத்துக்கு மட்டும் என்றால் கமாரோ எஸ்எஸ்தான். 6.2 லீற்றர் வி8, 455 குதிரைவலு. மிதித்த கையோடு இழுவை வந்துவிடும். அதைவிடப் பெரிய விசயம் அதன் அடித்தளம். காடிலாக் ஏடிஎஸ் காரோடு பங்குபோட்டது அது. வளைவில் மூக்கைத் திருப்பினால் உடம்பு முழுக்கக் கூடவே வரும். பலமான பிரெம்போ பிரேக்கும் எஸ்எஸ்ஸில் கொம்பனியே போட்டுத் தந்தது.

மஸ்டாங் எஞ்சின் வேறு குணம். 5.0 லீற்றர்; 2018 முதல் 460 குதிரைவலு. நிமிடத்துக்கு 7,000 சுற்றைத் தாண்டியும் பாடிக்கொண்டே போகும். ஆனால் சாதாரண ஜிடியைத் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. டுபாயில் ஒருவர் கொண்டுபோய், ஏழாவது சுற்றில் பிரேக் ஒயில் கொதித்து, பெடல் தரை வரைக்கும் இறங்கி, முகம் வெளிறி வந்து நின்றார். நல்ல காலம், முன்னால் மணல்தான் இருந்தது. நாங்கள் பிரேக் பாட் மாற்றி, சூடு தாங்கும் ஒயில் ஊற்றிக் கொடுத்தோம். அதனால் பெர்ஃபோமன்ஸ் பாக் என்ற கூடுதல் பொதி உள்ள ஜிடியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் முன்சில்லுக்குப் பெரிய ஆறு பிஸ்டன் பிரெம்போ வரும்.

சரி, அப்படியென்றால் கமாரோவையே எடுக்கச் சொல்லலாமே என்பீர்கள். அதற்குள் ஒருதரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பங்கருக்குள் இருந்து வெளியே பார்ப்பது போலத்தான்: கண்ணாடி ஒடுக்கம், பின்பக்கம் வருவது எதுவும் தெரியாது. டிக்கி வாயும் சின்னது, ஒரு பெரிய சூட்கேஸ் வைக்கவே மல்லுக்கட்ட வேண்டும். மாதத்தில் ஒருநாள் தடம், மற்ற நாள் முழுக்கத் தெரு. மருமகனுக்கு நான் மஸ்டாங்கைத்தான் சொல்வேன்.

வாங்கமுன் பிரேக் தட்டில் வெடிப்பு, டயர் ஓரத் தேய்மானம் இரண்டையும் பார்க்கட்டும். தடத்தில் அடிபட்ட காரை அவை காட்டிக்கொடுக்கும். அப்புறம், பனிக்காலத்துக்கு வேறு டயர் தேவை. கோடை டயர் குளிரில் கல்லாகிவிடும்.

கேள்வி: டொட்ஜ் சலஞ்சர் காரை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?
- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நேர்க்கோட்டில் அது ராசா. அதன் ஹெல்காட் வகை 2015இல் வந்தபோதே 707 குதிரைவலு. 2018இல் வந்த டீமன் வகை 100 ஒக்டேன் பெற்றோலில் 840. ஆனால் ஹெல்காட்டின் எடை இரண்டாயிரம் கிலோ அளவில் வரும். வளைவில் அது கப்பல். பின் சீற் மட்டும் மூன்றிலும் நல்லது, குடும்பக்காரர் யோசிக்கலாம்.

கேள்வி: இவற்றை கொழும்புக்குக் கொண்டுவரலாமா?
- ஒரு வாசகி, தெஹிவளை

பதில்: கமாரோவையும் சலஞ்சரையும் மறந்துவிடுங்கள் பிள்ளை. இரண்டும் கொம்பனியிலிருந்து இடப்பக்க ஸ்டியரிங்கோடுதான் வந்தன. மஸ்டாங் மட்டும் 2015 மாடலிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடும் வருகிறது. ஆனால் இங்கே பெற்றோல் காருக்குத் தீர்வை சிசி கணக்கில். 5.0 லீற்றருக்கு எவ்வளவு என்று விசாரிக்கும்போது உட்கார்ந்துகொண்டு விசாரியுங்கள். அதையும் கட்டிக் கொண்டுவந்தால், அதிவேகப் பாதையில் 100இல் போகலாம், காலி வீதியில் முச்சக்கரவண்டிக்குப் பின்னால் போகலாம்.