பாத்தியும் பாட்டும்: ரீச்சரிடம் கேட்டவை

திருகோணமலை நகரில் தமிழும் விவசாயமும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகளோடு பாத்தி கட்டி, அதன் பக்கத்திலேயே இருந்து வாசித்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஆசிரியர், உப்புவெளி): ரீச்சர், எங்கள் பள்ளிக்கூடத்தில் சீமெந்து முற்றம்தான் இருக்கிறது. தோட்டத்தை எங்கே தொடங்குவது?

பதில்: உரப்பையில் தொடங்குங்கோ தம்பி. எங்கட மணல்மண்ணில் தண்ணீர் நிற்காது, மக்கிய மாட்டெருவைத் தாராளமாகக் கலவுங்கோ. பையின் அடியில் துளை போடவேணும், தட்டு வைக்க வேண்டாம். தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும். அதிபர் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னால் நியாயம் அவர் பக்கம்தான். முதலில் கீரை போடுங்கோ, 25, 30 நாளில் பிடுங்கலாம். கத்தரிக்கு நாற்று எடுக்கவே அவ்வளவு நாள் போய்விடும், அதற்குள் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள்.

கேள்வி (ஒரு தகப்பன்): மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். தோட்டத்தால் நேரம் வீணாகாதா?

பதில்: வாரத்தில் இரண்டு பாடவேளைதான் ஐயா. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தண்ணீர் ஊற்றும் முறையைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம்.

கேள்வி (தமிழ் ஆசிரியை, திருகோணமலை நகரம்): தோட்டம் ஒரு பக்கமும் புத்தகம் ஒரு பக்கமுமாகப் போகிறது. எப்படிச் சேர்ப்பது?

பதில்: மண்ணில் ஒரு கேள்வி எழும்வரை புத்தகத்தைத் திறக்காதேங்கோ. உழவு அதிகாரத்தில் 1037ஆம் குறள் இருக்கிறதே: ஒரு பலம் (பழைய நிறையளவு) புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதுவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது. என் வகுப்பு அதை நிறுத்துப் பார்த்தது. நனைந்த மணல்மண் 100 கிராம் எடுத்து வெயிலில் காயவிட்டோம், 85இல் நின்றுவிட்டது. தம்பலகாமத்து வயல்மண் 70 வரை இறங்கியது. கால் பங்குக்கு எதுவும் வரவில்லை. “வள்ளுவர் பிழையா ரீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அன்று வகுப்பு முழுவதும் உரை தேடி வாசித்தது! நன்றாகக் காயவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லத்தான் அந்தக் கணக்கு என்று ஒரு பகுதி வாதாடியது. காய்ந்த மண் மறுபடி நனையும்போது நுண்ணுயிர்கள் மும்முரமாகி நைதரசனை விடுவிக்கும் என்பதை விஞ்ஞானப் புத்தகத்தில் கண்டுபிடித்தது இன்னொரு பகுதி. ஒரு குறளுக்காக அந்தப் பிள்ளைகள் அவ்வளவு வாசித்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

வாசிக்கப் பஞ்சிப்படும் பிள்ளைக்கு நற்றிணை 172ஐ நீங்களே வாசித்துக் காட்டுங்கோ. ஒரு பெண் விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உன் தங்கை என்று தாய் சொல்லிவிட, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அந்தப் பெண் கூசுகிறாள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் விளக்கம் சொல்லவேண்டியது கொஞ்சம்தான்.

கேள்வி (ஆசிரியர், திருகோணமலைக் கோட்டைப் பக்கம்): மான்கள் எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டுப் போகின்றன.

பதில்: ஆளுயரத்துக்கு வலை கட்டுங்கோ, வேறு வழியில்லை. விரட்டக் கல் எடுக்கும் பழக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்கு விடாதேங்கோ.

கேள்வி (மாணவன், தரம் 10): ரீச்சர், என் கத்தரி பச்சையாகவே வாடிச் செத்துவிட்டது. கொப்பியில் என்ன எழுதுவது?

பதில்: வாடத் தொடங்கிய திகதியை எழுது ராசா. பிறகு தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை படும்படி அசையாமல் பிடி. கொஞ்ச நேரத்தில் பால்போல நூலாக இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்தப் பையின் மண்ணில் இனிக் கத்தரி, தக்காளி, மிளகாய் வைக்காதே. சோளம் போடலாம். நூல் இறங்காவிட்டால் வேரைக் கழுவிப் பார், முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்று. எது கண்டாலும் படம் கீறி அனுப்பு, நான் பார்க்கவேணும்.