பிக்லெட் எழுத்துருக்களில் இரட்டைகளைக் களைவது எப்படி?

பிக்லெட் (FIGlet, தட்டிய சொல்லைச் சிறு குறிகளால் அடுக்கிப் பெரிய எழுத்தாகக் காட்டும் மென்பொருள்) எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன, பல ஒன்றுபோலவே இருக்கின்றன, எவற்றை அழிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கிருந்தோ ஒரு சிப் கோப்பை முழுதாக இறக்கி விரித்துவிட்டு, எதைத் தெரிவு செய்வதென்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அழிக்கும் முன் என் அனுபவத்தைப் படித்துவிடுங்கள். இதே வேலையைச் செய்யப்போய், நானே வரைந்த எழுத்துருவை இழந்தவன் நான்.

திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்கு அருகில் சிறியதொரு கணினி வகுப்பு நடத்துகிறேன். லினக்ஸ் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் கறுப்புத் திரையை, பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் முதல் நாளில் பிக்லெட்டைத்தான் காட்டுவேன். தங்கள் பெயர் சிறு குறிகளால் அடுக்கப்பட்டுப் பெரிய எழுத்தாகத் திரையில் எழும்போது அவர்களுக்குக் கறுப்புத் திரை மீதான பயம் போய்விடும். ஆனால் அது ஆங்கிலத்தில் மட்டுமே எழுந்தது. ஆகவே தமிழுக்கு ஒன்று செய்ய முனைந்து, சதுரக் கட்டமிட்ட கணிதக் கொப்பியில் பென்சிலால் வரையத் தொடங்கினேன்.

யூனிக்கோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு ஒற்றைக் கொம்பு என்ற ஒழுங்கில் சேமிக்கப்படுகிறது. பிக்லெட் குறியெண்கள் (எழுத்துகளுக்கு யூனிக்கோடு தரும் எண்கள்) வருகிற ஒழுங்கிலேயே வடிவங்களை இடமிருந்து வலமாக அடுக்குவதால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்களுக்கு வழி உடனே விளங்கும்: கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில், கொம்பை முதலிலும் எழுத்தைப் பிறகும் கொடுக்க வேண்டும். அதற்கென ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதினேன். அதன் பயனாக 247 எழுத்துகளையும் தனித்தனியே வரையும் தேவையும் நீங்கியது. மேலே புள்ளியும் விசிறியும் (ி, ீ) ஏறும் எழுத்துகளையும், உகர ஊகாரத்தில் உருமாறும் எழுத்துகளையும் தனியே வரைந்தேன். அரவு (ா) ஒன்றையும் மூன்று கொம்புகளையும் (ெ, ே, ை) ஒவ்வொரு முறை மட்டும் வரைந்தேன். 'ஔ'வை ஒ, ள இரண்டையும் சேர்த்துப் பெற்றேன். மொத்தம் 124 வடிவங்கள் போதுமாயின. தனிக் குறியெண் இல்லாத வடிவங்களுக்கு யூனிக்கோடில் எவரும் தம் தேவைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய தனிப்பயன் பகுதியிலிருந்து எண்களைக் கொடுத்தேன். எனவே வீண் இரட்டைகளைக் குறைப்பதற்கு நான் எதிரானவன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பிக்லெட் கோப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் பிழை எங்கே நேர்ந்தது என்பது விளங்கும். ஒவ்வோர் எழுத்துருவிலும் 32 முதல் 126 வரையான 95 ஆஸ்கி வடிவங்களும் (ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், குறிகள்), தொடர்ந்து 7 ஜெர்மன் வடிவங்களும் கட்டாயம். மற்ற மொழிகள் அனைத்தும் அந்த 102க்குப் பிறகு, குறியெண் இட்டு, பின்னிணைப்பாகவே வர முடியும். என் எழுத்துருவுக்கு 'பிக்' என்ற எழுத்துருவின் 102 வடிவங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதன் உயரம் 8 வரிகள். அடிக்கோடு ஆறாவது வரியில். கீழே எஞ்சும் இரண்டு வரிகள் 'ழ'வின் வாலுக்கும் 'கு'வின் சுழிவுக்கும் தேவைப்பட்டன. கோப்புக்குத் 'திருமலை' என்று பெயரிட்டேன்.

பின்னர் ஒரு விடுமுறையில், ஏறத்தாழ 400 கோப்புகள் குவிந்திருந்த அடைவைத் துப்புரவாக்க நினைத்தேன். கோப்பின் அளவுகளைச் சொல்லும் தலைவரியையும் குறிப்புரைகளையும் நீக்கிவிட்டு, 102 வடிவங்களையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் பெயர் வரிசையில் பின்னால் வருவதை அழிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். அது 'பிக்'கையும் 'திருமலை'யையும் ஒரே எழுத்துரு என்று கண்டது. அடுத்த வகுப்பில் ஒரு மாணவி, "சேர், எங்கட எழுத்து எங்க?" என்று கேட்டபோதுதான் தெரிய வந்தது. நகல் வைத்திருக்கவில்லை. கொப்பி இருந்ததால் மூன்று வாரங்கள் இரவிரவாக இருந்து மீண்டும் தட்டினேன். ஈரம் பட்டு அழிந்த ஒரு பக்கத்தில் இருந்த 'ணூ', 'னூ' இரண்டையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. பழைய 'ணூ' இதைவிட நன்றாக இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே, நீங்கள் ஒப்பிடும்போது கோப்பின் கடைசி வரி வரை ஒப்பிடுங்கள். இடைவெளியைக் காக்க வைக்கும் மறைகுறியும் வரியை முடிக்கும் குறியும் கோப்புக்குக் கோப்பு மாறலாம் என்பதால், அவை ஒவ்வொன்றையும் எல்லாக் கோப்புகளிலும் முதலில் ஒரே குறியாக்கிவிடுங்கள். அதன் பிறகும் வடிவங்கள் முழுதும் ஒத்திருப்பவை மட்டுமே உண்மையான இரட்டைகள். எழுத்துகளுக்கிடையிலான நெருக்கம் மட்டும் வேறுபட்டால் ஒன்றே போதும், ஏனெனில் பிக்லெட்டைக் கட்டளையிடும்போதே நெருக்கத்தை மாற்றலாம். # குறியால் நிரப்பியதும் * குறியால் நிரப்பியதும் இரண்டாக இருந்தாலும் ஒன்று போதும். வெளியீட்டில் ஒரு குறியை மற்றொன்றாக மாற்றுவது ஒரு வரி வேலை. ஆனால் இந்தச் சோதனைக்காக எல்லாக் குறிகளையும் ஒன்றாக்கிவிட்டு ஒப்பிடாதீர்கள். நிழல் விழும் எழுத்துருக்களில் உடலுக்கு ஒரு குறியும் நிழலுக்கு வேறொரு குறியும் இருக்கும். அவற்றை ஒன்றாக்கினால் நிழலும் உடலும் கலந்து, வெவ்வேறானவை ஒன்றாகத் தெரியும்.

இன்று வட்டில் இடம் மலிந்துவிட்டதே, சில கிலோபைட் கோப்புகளுக்கு ஏன் இந்தப் பாடு என்று சிலர் கேட்கக்கூடும். இடத்துக்காக நான் இதைச் செய்யவில்லை. முப்பது எழுத்துருக்கள் இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றையும் பார்த்துத் தெரிவு செய்யும். நானூறு இருந்தால் முதல் பத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உண்மையான இரட்டைகளில் பலவற்றை ஒப்பிட்டபோது, ஒன்றில் வரைந்தவரின் பெயர் குறிப்புரையில் இருந்தது, மற்றதில் அந்த வரிகள் வெட்டப்பட்டுப் புதுப்பெயர் இடப்பட்டிருந்தது. கட்டம் கட்டமாக ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பெயரில்லாமல் ஆக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. என் ஸ்கிரிப்ட் அன்று பெயர் வரிசையைத்தான் பார்த்தது. எத்தனை பேரின் பெயர் அதனால் போயிற்றோ தெரியாது. இப்போது குறிப்புரை நீளமாக உள்ள கோப்பையே வைத்துக்கொள்கிறேன். மற்றதை அழிக்காமல் 'ஒதுக்கியவை' என்ற அடைவுக்கு நகர்த்துகிறேன். 102ஆவது வடிவத்துக்குப் பின் ஒரு வடிவமாவது கூடுதலாக இருக்கும் கோப்பை ஸ்கிரிப்ட் தொடுவதே இல்லை. அதைத் திரையில் திறந்து நானே பார்க்கிறேன்.