டாக்டரிடம் கேளுங்கள்: சிறுநீரகத்துக்கு அட்டை மருந்தா?

கேள்வி: என் கணவருக்கு வயது 59, பல வருடங்களாகச் சர்க்கரை. சிறுநீரில் புரதம் போகிறதாம். சிறுநீரில் புரதத்தைக் காட்டும் ஏசிஆர் 420, ரத்தத்தில் கிரியேட்டினின் 1.7. ரத்தம் உறிஞ்சும் அட்டையிலிருந்து எடுத்த மருந்தை நேரே சிறுநீரகத்துக்கே அனுப்பும் சிகிச்சை வந்துவிட்டதாகச் சொல்லி, நாத்தனார் மகன் அட்டைப் பொடி கேப்சூல் வாங்கி வந்திருக்கிறான். கொடுக்கலாமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பையன் மீதும் கோபப்பட வேண்டாம். அவன் படித்த செய்தியில் பாதி உண்மைதான்.

அட்டையின் உமிழ்நீரில் ஹிருடின் என்ற புரதம் உண்டு. 1884-இல் ஹேகிராஃப்ட் என்ற ஆய்வாளர், அட்டைச் சாறு ரத்தத்தை உறையவிடாது என்று கண்டார். 1950-களில் ஜெர்மனியின் மார்க்வார்ட் அந்தப் புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தார். ரத்தம் உறையக் காரணமான திராம்பினை அது இறுகப் பிடித்து முடக்கிவிடும். இந்தத் திராம்பின், சிறுநீரக வடிகட்டியின் செல்களைத் தூண்டி அழற்சியையும் தழும்பையும் வளர்க்கிறது. அதைத் தடுத்தால் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் பிழைக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. சீன மருத்துவர்கள் அட்டையை வெகுகாலமாகவே மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

சிக்கல் எங்கே தெரியுமா? ஹிருடின் உடலைவிட்டு வெளியேறும் வழியே சிறுநீரகம்தான். நல்ல சிறுநீரகம் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதி போய்விடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதற்கே இரண்டு நாள் வரை ஆகலாம். அதுவரை ரத்தக்கசிவு அபாயம்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெப்பாரினுக்கு, அதன் வேலையை முறிக்கப் புரோட்டமின் என்ற மாற்று மருந்து இருக்கிறது, ஹிருடினுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஈஸ்ட்டில் தயாரித்த ஹிருடின் ஊசி லெபிருடின். 2012-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் "நேரே சிறுநீரகத்துக்கு" என்ற யோசனையே பிறந்தது. மருந்தை நுண்துகளில் அடைத்து, சிறுநீரகச் செல்களில் உள்ள மெகாலின் என்ற ஏற்பியில் (மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) ஒட்டும்படி ஒரு முகவரிச் சீட்டு வைப்பது. உடம்பு முழுக்கப் பரவாமல் கொஞ்சம் மருந்திலேயே வேலை முடியும் என்பது கணக்கு. துகள் சுமார் பத்து நானோமீட்டரைத் தாண்டினால் வடிகட்டியில் நின்றுவிடும். சர்க்கரை நோயில் வடிகட்டியே ஓட்டையாகி இருப்பதால், நோயில்லாத எலியில் போட்ட கணக்கும் இங்கே தப்பலாம். இதெல்லாம் இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம். மருந்துக்கடைக்கு வரவில்லை.

பொடியை விழுங்கினால் ஹிருடினில் பெரும்பகுதியை வயிறே செரித்துவிடும். அப்புறம் கேப்சூலில் வேறென்ன கலந்திருக்கிறதோ! உயிருள்ள அட்டை விடும் எண்ணமும் வேண்டாம். அதன் குடலில் ஏரோமோனாஸ் கிருமி இருக்கும், கடிவாய் மணிக்கணக்கில் கசியும். உங்கள் கணவர் ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கிரியேட்டினின் 1.7 என்றால் இந்த வயதில் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறன், சுமார் 46. காப்பாற்ற இன்னும் நிறைய இருக்கிறது. லோசார்டான் வகை மாத்திரை, டபாகிளிஃப்ளோசின், தேவைப்பட்டால் ஃபினரினோன்: இவை மூன்றும் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தவை. டபாகிளிஃப்ளோசின் விலையும் 2020-க்குப் பிறகு நன்றாகவே இறங்கிவிட்டது. இவற்றில் எது அவருக்குப் பொருந்தும் என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் அவருக்கு இருந்தால், அதை இன்றே நிறுத்த வேண்டும்.