தேதி இல்லாத பண்டிகை

வணக்கம். லேவியராகமம் 23 வாசிக்கையில் ஒரு சந்தேகம். பஸ்காவுக்கு முதல் மாதம் 14 என்று நாள் குறித்திருக்கிறது. வாரங்களின் பண்டிகைக்கு மட்டும் தேதி இல்லை, ஐம்பது நாள் எண்ணச் சொல்கிறது. யூதர்கள் அதை ஷவுவோத் என்றும், சீனாயில் தோரா அருளப்பட்ட நாள் என்றும் கொண்டாடுகிறார்கள். அந்த அதிகாரத்தில் சீனாய் மலைச் சம்பவம் இல்லையே? இதன் ஆன்மிகப் பொருள் என்ன? எங்கள் பெந்தெகொஸ்தே இதுதானா?
— தே., பாளையங்கோட்டை

அன்புள்ள தே. அவர்களுக்கு,

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். தோராவில், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களில், எங்கேயும் ஷவுவோத்துக்குத் தேதி இல்லை. தோரா அருளப்பட்ட நாள் என்ற பேச்சும் இல்லை. இஸ்ரவேலர் மூன்றாம் மாதத்தில் சீனாய்க்கு வந்தார்கள் என்று யாத்திராகமம் 19 சொல்வதிலிருந்து ரபிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், கணக்கிட்டது அது. பிறை பார்த்து மாதம் தொடங்கிய காலத்தில் ஷவுவோத், மூன்றாம் மாதமான சிவானில் 5, 6, 7 எதிலும் விழலாம் என்கிறது ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத். தோரா அருளப்பட்டது 6-ஆம் நாளா 7-ஆம் நாளா என்பதிலும் அங்கே கருத்து வேறுபாடு உண்டு. காலண்டர் நிலைத்த பிறகுதான் சிவான் 6 என்று ஆனது. ஆக, இந்தப் பண்டிகையைத் தாங்கி நிற்பது எண்ணிக்கை. பொருளையும் அங்கேதான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

பஸ்காவின் இரண்டாம் இரவு எண்ணிக்கை தொடங்குகிறது. இருட்டிய பிறகு எழுந்து நின்று, எண்ணும் கட்டளைக்கான ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு எண்ண வேண்டும். நாளையும் வாரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: "இன்று எட்டு நாள், அதாவது ஒரு வாரமும் ஒரு நாளும்." இப்படி 49 இரவுகள். கேட்க எளிது, தவறுவது அதைவிட எளிது. எண்ணுவதற்கு முன் யாராவது "இன்று எத்தனை?" என்று கேட்டால், "நேற்று இத்தனை" என்றுதான் பதில் சொல்வார்கள். இன்றைய எண் வாயில் வந்துவிட்டால் எண்ணியதாகவே ஆகிவிடும், பிறகு ஆசீர்வாதம் சொல்ல முடியாது. இரவில் மறந்தவர் மறுநாள் பகலில் ஆசீர்வாதம் இல்லாமல் எண்ணிக்கொள்ளலாம். அன்றிரவு முதல் பழையபடி தொடரலாம். பகலும் போய்விட்டால், மீதி இரவுகளில் எண்ண வேண்டும், ஆனால் ஆசீர்வாதம் சொல்லக் கூடாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? வேதம் "ஏழு வாரங்கள் நிறைவாக" என்கிறது. 49 நாளும் சேர்ந்து ஒரே கட்டளை, ஒன்று விட்டால் நிறைவு போயிற்று என்பது ஒரு தரப்பு. ஒவ்வோர் இரவும் தனிக் கட்டளை என்பது மறு தரப்பு. இரண்டையும் மதித்து வந்த வழக்கம் இது. தவறவிட்டவனையும் எண்ணிக்கையிலிருந்து வெளியேற்றவில்லை, பாருங்கள். எனக்கு இதில் மிகுந்த மரியாதை உண்டு.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் இந்த எண்ணிக்கையின் இரு முனைகளிலும் தானியம் இருந்தது. தொடக்கத்தில் வாற்கோதுமை: மூன்று செயா (பழைய முகத்தலளவை) தானியத்தை அரைத்து, 13 சல்லடைகளில் சலித்து, ஓர் ஓமர் மாவு எடுப்பார்கள், இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். முடிவில் புதுக் கோதுமையில் இரண்டு அப்பங்கள். ஏழு கையகல நீளம், நான்கு கையகல அகலம், மூலைகளில் நான்கு விரல் கொம்புகள் என்று ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவு சொல்கிறது. வாற்கோதுமை அன்று பெரும்பாலும் கால்நடைத் தீவனம். கோதுமை மனிதர் உணவு. இன்னொன்றும் உண்டு: பஸ்காவில் வீட்டில் துளி புளிப்பு இருக்கக் கூடாது, ஆனால் இந்த இரண்டு அப்பங்களும் புளித்தே இருக்க வேண்டும். எகிப்திலிருந்து ஓடும்போது மாவு புளிக்க நேரமில்லை. விடுதலை அவசரமாக வந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பதற்கு ஏழு வாரப் பொறுமை தேவைப்பட்டது. சீனாயை ரபிகள் இந்த இடத்தில் கொண்டுவந்து பொருத்தியது எனக்கு இயல்பாகவே படுகிறது.

பெந்தெகொஸ்தே என்றால் கிரேக்கத்தில் ஐம்பதாவது. அப்போஸ்தலர் 2-இல் வருவது இதே பண்டிகைதான். எண்ணத் தொடங்கும் நாளில் கருத்து பிரிந்தது, லேவியராகமம் 23-இல் வரும் "ஓய்வுநாளுக்கு மறுநாள்" என்ற தொடரால். ரபிகள் அதைப் பஸ்காவின் முதல் நாளுக்கு மறுநாள் என்று எடுத்தார்கள். சமாரியரும், ரபிகளின் மரபை ஏற்காத யூதர்களான கரையீத்துகளும் சனிக்கு மறுநாள் என்றே கொள்வதால் அவர்களுக்கு எப்போதும் ஞாயிறு. சபைகள் உயிர்த்தெழுதல் ஞாயிறிலிருந்து எண்ணுகின்றன.

எண்ணாகமம் 28 இதை முதற்பலன்களின் நாள் என்கிறது. அன்று முதல் விவசாயிகள் முதற்பலன் கூடைகளோடு எருசலேமுக்கு வரத் தொடங்குவார்கள். தோட்டத்தில் முதலில் பழுத்த அத்தியைக் கண்டதும் கோரைப்புல்லால் கட்டி, "இது முதற்பலன்" என்று சொல்லி வைத்திருப்பார்கள். ஆலயத்தில் கூடையைத் தோளில் வைத்தபடி, எகிப்தில் அடிமைப்பட்டது முதல் இந்த நிலம் கிடைத்தது வரையான உபாகமம் 26-இன் வரிகளை எபிரேயத்தில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் தாமே சொன்னார்கள். தெரியாதவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். வெட்கப்பட்டு, தெரியாதவர்கள் கூடை கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பது என்று விதி செய்தார்கள்.